ஏழு விலங்கு, ஒரே அலமாரி: ஒப்பீட்டு உடற்கூறியலைத் தொடங்கும் கால்நடை மருத்துவ மாணவர்களுக்கு

குதிரை, மாடு, செம்மறி, வெள்ளாடு, பன்றி, நாய், பூனை என்று ஏழையும் ஏழு பாடங்களாகப் பிரித்துக்கொண்டு படிக்கத் தொடங்குவதால்தான் முதலாண்டில் பலரும் திணறுகிறார்கள். குதிரையை முடித்து மாட்டுக்குப் போனால் குதிரை மறந்துவிடும். நாய்க்கு வரும்போது மூன்றும் கலந்துவிடும். ஒரு விலங்கை முழுதாகப் படித்துவிட்டு, மற்ற ஆறில் எது மாறுகிறது, ஏன் மாறுகிறது என்பதை மட்டும் மேலே ஏற்றிக்கொண்டு போவதே கீழே உள்ள முறை. கோழியை இதில் சேர்க்கவில்லை. பறவை உடற்கூறு தனிப் பாடம். இதோடு கலந்தால் இரண்டும் கெடும்.

1. அடிப்படை விலங்கைத் தேர்ந்தெடுங்கள்

உங்கள் பாடத்திட்டம் எந்த விலங்கை முதன்மையாக வைக்கிறதோ அதையே எடுங்கள். சில கல்லூரிகளில் அது மாடு, சிலவற்றில் நாய், சிலவற்றில் குதிரை. இதில் சொந்த விருப்பத்துக்கு இடம் தர வேண்டாம். டிசெக்‌ஷன் மேசையில் எந்த உடல் இருக்கிறதோ அதுவே உங்கள் விலங்கு.

அந்த ஒன்றில் எல்லாமே தெரிந்திருக்க வேண்டும்: ஒவ்வொரு மேடு, குழி, துளை, அதில் ஒட்டும் தசை, அதன் வழியே போகும் நரம்பு. மற்ற ஆறுக்கு மூன்று கேள்வி போதும். அந்த அமைப்பு இருக்கிறதா, இல்லையா? பக்கத்து எலும்போடு ஒட்டியிருக்கிறதா, பிரிந்திருக்கிறதா? எத்தனை? வடிவத்தை அதற்குப் பிறகு பாருங்கள். அளவைக் கடைசியில் பாருங்கள், அல்லது பார்க்கவே வேண்டாம். பெரிய இன நாயின் தொடை எலும்பும் வெள்ளாட்டின் தொடை எலும்பும் நீளத்தில் ஒன்றாக இருக்கலாம். "சின்ன எலும்பு, அதனால் நாய்" என்று எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள்.

2. திசைச் சொற்களை ஒரே நாளில் முடியுங்கள்

உடலில் தலைப்பக்கம் கிரேனியல், வால்பக்கம் காடல், முதுகுப்பக்கம் டார்சல், வயிற்றுப்பக்கம் வென்ட்ரல். தலைக்குள் வந்துவிட்டால் மூக்கின் பக்கம் ரோஸ்ட்ரல். முன்னங்காலில் கார்ப்பஸ் (மணிக்கட்டு எலும்புகள்) தொடங்கியதும் முன்புறம் டார்சல், பின்புறம் பால்மர். பின்னங்காலில் டார்சஸ் (கணுக்கால் எலும்புகள்) தொடங்கியதும் முன்புறம் டார்சல், பின்புறம் பிளாண்டார்.

மனித உடற்கூறு வீடியோக்களைப் பார்த்துப் படிப்பவர்கள் இங்கேதான் வழுக்குவார்கள். நின்றிருக்கும் மனிதனின் ஆன்டீரியர், நான்கு காலில் நிற்கும் விலங்கின் உடலில் வென்ட்ரல். தசைப் பெயர்களிலும் இந்த மாற்றம் உண்டு. விடைத்தாளில் இரண்டு முறையையும் கலந்து எழுதாதீர்கள்.

3. எதற்குச் செலவு செய்யலாம்

வாங்க வேண்டியவை குறைவு. 3ஆம் எண் ஸ்கால்பெல் பிடி ஒன்று, 4ஆம் எண் பிடி ஒன்று. 3ஆம் எண்ணில் 10, 11, 12, 15 பிளேடுகள் பொருந்தும். 4ஆம் எண்ணில் 20 முதல் 25 வரை. மாற்றி வாங்கினால் பிளேடு உட்காராது. தோலுக்கும் பெரிய தசைக்கும் 4ஆம் எண், நரம்பைப் பின்தொடர 3ஆம் எண். இவற்றோடு பல்லுள்ள ஃபோர்செப்ஸ் ஒன்று, பல்லில்லாதது ஒன்று, மழுங்கிய நுனிக் கத்தரி, மழுங்கிய புரோப். பெரும்பாலான வேலை கத்தரியின் மூடிய நுனியாலும் விரலாலும் நடக்கும். கத்தி அதிகம் பேசும் மேசையில் நரம்பு மிஞ்சாது.

கையுறை நைட்ரைல் ஆக இருக்கட்டும். மெல்லிய லேடெக்ஸ் ஃபார்மலினைச் சரியாகத் தடுக்காது.

பிளாஸ்டிக் எலும்பு மாதிரிகள், பளபளக்கும் வண்ண அட்டைகள், இரண்டாவது மூன்றாவது பாடநூல் ஆகியவற்றுக்குச் செலவிடாதீர்கள். பிளாஸ்டிக் மாதிரிகளில் ஒட்டுக்கோடுகளும் சிறு துளைகளும் பெரும்பாலும் மழுங்கிப்போயிருக்கும். நீங்கள் தேடுவதோ அவற்றைத்தான். கருவிகளை மூத்த மாணவர்களிடம் பழையதாக வாங்கலாம், பிளேடு மட்டும் புதிது.

4. ஃபார்மலின்

வணிக ஃபார்மலின் 37 முதல் 40 சதவீத ஃபார்மால்டிஹைடு கரைசல். "10 சதவீத ஃபார்மலின்" என்றால் அந்தக் கரைசல் 1 பங்கு, தண்ணீர் 9 பங்கு. அதில் உள்ள ஃபார்மால்டிஹைடு 4 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். 10 சதவீத ஃபார்மால்டிஹைடு என்று தவறாகப் புரிந்துகொண்டு கலந்தால் கண் திறக்க முடியாது, திசுவும் விறைத்துப்போகும். உறுப்பை ஜாடியில் வைக்கும்போது திரவம் உறுப்பைப் போல் 10 மடங்கு இருக்கட்டும். கல்லீரல் போன்ற தடித்த உறுப்பை அப்படியே போட்டால் உள்ளே திரவம் சேருமுன் நடுப்பகுதி அழுகிவிடும். ஊசியால் உள்ளே செலுத்துங்கள் அல்லது கீறி வையுங்கள்.

ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தப்பட்டது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், உறுப்பை ஓடும் நீரில் நன்றாக அலசிவிட்டு வேலையைத் தொடங்குங்கள், கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டு உள்ளே போகாதீர்கள்.

5. எலும்பைக் கையில் எடுத்ததும்

எந்த எலும்பு, எந்தப் பக்கம், எந்த விலங்கு, என்ன காரணம். இந்த வரிசையை மாற்றாதீர்கள். விலங்கை முதலில் ஊகிப்பவர், தான் ஊகித்ததற்கு ஏற்ற அடையாளங்களையே பார்ப்பார்.

பக்கம் கண்டுபிடிக்க மூன்று திசை வேண்டும்: மேல்-கீழ், முன்-பின், உள்-வெளி. ஸ்கேபுலாவில் (தோள்பட்டை எலும்பு) மூட்டுக்குழி கீழே, நீளவாக்கில் ஓடும் ஸ்பைன் வெளியே, குழிக்கு மேலுள்ள மேடு முன்னே. ஹியூமரஸில் (தோளுக்கும் முழங்கைக்கும் இடையிலான எலும்பு) தலை மேலே பின்னோக்கி, கீழ்முனையின் ஆழமான ஓலிக்ரேனன் குழி (முழங்கை முனை அமரும் குழி) பின்னே, டெல்டாய்டு மேடு வெளியே. ஃபீமரில் (தொடை எலும்பு) தலை உள்நோக்கி, பட்டெல்லா (முழங்கால் சில்லு) சறுக்கும் டிராக்லியா முன்னே, இரண்டு காண்டைல்கள் (மூட்டு உருண்டைகள்) பின்னே. டிபியாவில் (முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பு) மேல்முனையின் டியூபராசிட்டி எனும் மேடு முன்னே, ஃபிபுலா (அதன் பக்கத்து மெல்லிய எலும்பு) வெளியே.

எலும்பின் முனை சொரசொரப்பாக, மூடி கழன்றதுபோல் இருந்தால் அது இளம் விலங்கு. எபிஃபைசிஸ் (எலும்பின் முனைப்பகுதி) இன்னும் தண்டோடு ஒட்டவில்லை. இதை உடைப்பு என்று எழுதுபவர்கள் உண்டு. புதிய விலங்கு என்று நினைப்பவர்களும் உண்டு.

6. முன்னங்கால்

ஸ்கேபுலாவில் முதலில் ஸ்பைனின் கீழ்முனையைப் பாருங்கள். குதிரையில் அது மெல்ல மெல்லத் தேய்ந்து மறையும், அக்ரோமியான் (ஸ்பைனின் கீழ்முனை நீட்சி) கிடையாது. மாட்டில் திடீரென முடிந்து கூர்மையான அக்ரோமியான் நீட்டிக்கொண்டிருக்கும். ஸ்பைன் முன்விளிம்பை ஒட்டி ஓடுவதால் பின்குழி முன்குழியைவிடப் பல மடங்கு அகலம். நாயில் ஸ்பைன் எலும்பை ஏறக்குறைய இரு சம பாகமாகப் பிரிக்கும். பூனையில் அக்ரோமியானுக்குச் சற்று மேலே பின்னோக்கி இன்னொரு நீட்சி இருக்கும், நாயில் அது இல்லை. பன்றியில் ஸ்பைன் நடுவில் முக்கோணமாக உயர்ந்து பின்னோக்கி மடிந்திருக்கும். இந்த எலும்பை இப்படிப் படித்தால் டெல்டாய்டு தசை இலவசமாக வரும்: அக்ரோமியான் உள்ள மாட்டிலும் நாயிலும் அத்தசைக்கு அக்ரோமியல் பகுதி தனியாக உண்டு, குதிரையில் இல்லை.

கிளாவிக்கிள் (காறை எலும்பு) பூனையில் மெல்லிய குச்சியாகத் தசைக்குள் கிடக்கும். எக்ஸ்ரேயில் இதைப் பார்த்து "விழுங்கிய எலும்பு" என்று சொல்லிவிடாதீர்கள். குதிரை, மாடு, ஆடு, பன்றியில் அது இல்லை.

ஹியூமரஸின் மேல்முனையில் முன்புறம் பாருங்கள். குதிரையில் இரண்டு மேடுகளுக்கு நடுவே மூன்றாவது மேடு ஒன்று இருப்பதால் பைசெப்ஸ் ஓடும் பள்ளம் இரட்டையாகிவிடும். மாட்டில் வெளிமேடு உயர்ந்து பள்ளத்தின் மேல் கவிந்திருக்கும். கீழ்முனையில் துளை இருந்தால் அது நாய் அல்லது பூனை. நாயின் துளை நடுவில், முன்னிருந்து பின்னாக. அதன் வழியே எதுவும் போவதில்லை. பூனையின் துளை உட்புறத்தில், சாய்வாக. அதன் வழியே மீடியன் நரம்பும் பிராக்கியல் தமனியும் போகும். இந்த இரண்டையும் குழப்புவது ஸ்பாட்டர் தேர்வின் (மேசையில் வைத்த மாதிரியைப் பார்த்து அடையாளம் சொல்லும் தேர்வு) பழைய பொறி.

ரேடியஸும் அல்னாவும் (முழங்கைக்குக் கீழுள்ள இரண்டு எலும்புகள்) நாயிலும் பூனையிலும் தனித்தனி, ஏனென்றால் அவை பாதத்தைத் திருப்ப முடியும். குதிரையில் அல்னாவின் தண்டு பாதிவழியில் தேய்ந்து ரேடியஸோடு ஒட்டிவிடும். மாட்டிலும் ஒட்டியிருக்கும், ஆனால் அல்னா கீழ்வரை முழுதாக வரும். இரண்டுக்கும் நடுவே மேலும் கீழுமாக இரண்டு இடைவெளி தெரியும். பன்றியில் ஒட்டாமல், அசைய முடியாதபடி நெருங்கி நிற்கும்.

கார்ப்பஸில் எண்ணுங்கள்: மாட்டில் 6 (மேல்வரிசை 4, கீழ்வரிசை 2), நாயில் 7, பன்றியில் 8, குதிரையில் 7 அல்லது 8. அதற்குக் கீழே குதிரைக்கு ஒரே பெரிய மூன்றாம் மெட்டாகார்ப்பல், இரு பக்கமும் மெல்லிய ஸ்பிளிண்ட் எலும்புகள். மாட்டுக்கு மூன்றும் நான்கும் சேர்ந்த ஒற்றை எலும்பு. முன்புறம் நடுவே நீளப் பள்ளம், கீழே இரண்டு மூட்டுமுனை. பன்றிக்கு 4, நாய்க்கு 5.

7. பின்னங்கால்

ஃபீமரின் வெளிப்பக்கத் தண்டில் நீட்டிக்கொண்டிருக்கும் மூன்றாம் டிரோக்கான்டர் (தசை ஒட்டும் மேடு) இருந்தால் குதிரை. மாட்டில் இல்லை. ஏன் என்று கேட்டுவிட்டால் மறக்காது: குதிரையில் சூப்பர்ஃபிசியல் குளூட்டியல் தசை அங்கே வந்து ஒட்டுகிறது, மாட்டில் அந்தத் தசை பைசெப்ஸ் ஃபெமோரிஸோடு சேர்ந்து குளூட்டியோபைசெப்ஸ் ஆகிவிட்டது. குதிரையில் ஃபீமரின் கீழ்ப்பகுதியில் பின்புறம் ஆழமான குழி ஒன்றும் உண்டு. சூப்பர்ஃபிசியல் டிஜிட்டல் ஃப்ளெக்சர் தசை அங்கே தொடங்குகிறது. நின்றபடியே ஓய்வெடுக்க உதவும் அமைப்பின் ஒரு பகுதி அது. டிராக்லியாவின் உள்வரம்பு குதிரையில் பெருத்திருப்பதும் இதற்காகவே: பட்டெல்லா அதன்மேல் ஏறிப் பூட்டிக்கொள்ளும்.

பட்டெல்லாவிலிருந்து டிபியாவுக்கு வரும் இணைப்புநார் குதிரையிலும் மாட்டிலும் 3, நாய், பூனை, ஆடு, பன்றியில் 1. நாயில் ஃபீமரின் பின்புறம் காஸ்ட்ராக்னீமியஸ் தசைக்குள் ஃபபெல்லா எனும் இரண்டு சிறு எலும்புகள் கிடைக்கும். அலமாரி எலும்புகளில் இவை தொலைந்துபோயிருக்கும், எக்ஸ்ரேயில் பாருங்கள்.

ஃபிபுலா நாயிலும் பன்றியிலும் முழுது. குதிரையில் மேல்பாதி மட்டும் குச்சியாக. மாட்டில் தண்டே இல்லை. மேல்முனை டிபியாவோடு ஒட்டிக்கொண்டது, கீழ்முனை மட்டும் மல்லியோலார் எலும்பு என்று தனித்து நிற்கும். டார்சஸில் மாட்டுக்கு 5, ஏனென்றால் நடுவெலும்பும் நான்காவதும் சேர்ந்துவிட்டன, இரண்டும் மூன்றும் சேர்ந்துவிட்டன. நாய்க்கும் பன்றிக்கும் 7, குதிரைக்குப் பொதுவாக 6.

மெட்டாகார்ப்பலா மெட்டாடார்சலா என்ற சந்தேகம் மாட்டில் அடிக்கடி வரும். மெட்டாடார்சல் நீளம் கூடியது, குறுக்குவெட்டு ஏறக்குறைய சதுரம். மெட்டாகார்ப்பல் முன்பின்னாகத் தட்டையானது. குதிரையில் மெட்டாடார்சல் உருளை, மெட்டாகார்ப்பல் நீள்வட்டம்.

8. முதுகெலும்பின் எண்கள்

இது மனப்பாடம்தான், வேறு வழியில்லை. கழுத்தில் எல்லாவற்றுக்கும் 7. அடுத்து மார்பு, இடுப்பு, சேக்ரம் (இடுப்புக்குப் பின்னால் ஒன்றாக ஒட்டிய முள்ளெலும்புகள்) என்ற வரிசையில்:

குதிரை 18, 6, 5
மாடு 13, 6, 5
செம்மறி 13, 6 அல்லது 7, 4
பன்றி 14 அல்லது 15, 6 அல்லது 7, 4
நாய், பூனை 13, 7, 3

வெள்ளாட்டைச் செம்மறியோடு சேர்த்துக்கொள்ளுங்கள். மார்பு எண்ணே விலா எலும்புச் சோடிகளின் எண்ணும். வால் எண்கள் ஒவ்வொரு விலங்குக்கும் மாறும், அவற்றில் நேரம் செலவிட வேண்டாம்.

தனி முள்ளெலும்புகளில் அட்லஸும் ஆக்சிஸும் (கழுத்தின் முதல் இரண்டு) சேக்ரமும் போதும். அட்லஸின் இறக்கையில் முன்புறம் துளைக்குப் பதில் வெட்டு இருந்தால் நாய் அல்லது பூனை. டிரான்ஸ்வெர்ஸ் துளை இல்லாவிட்டால் அசைபோடும் விலங்கு. ஆக்சிஸின் டென்ஸ் (முன்னோக்கிய நீட்சி) நாயில் முளைபோல் உருண்டை. குதிரையிலும் மாட்டிலும் மேற்புறம் குழிந்தது. சேக்ரத்தின் முதுகு முட்கள் குதிரையில் தனித்தனி, மாட்டில் ஒன்றாகச் சேர்ந்து ஒரே வரம்பு, பன்றியில் வளர்ச்சியற்றவை.

9. மண்டையும் பல்லும்

கண்குழியின் பின்விளிம்பு முழு எலும்பு வளையமா என்று முதலில் பாருங்கள். குதிரை, மாடு, ஆட்டில் முழுது. நாய், பூனை, பன்றியில் இடைவெளி. உயிருள்ளபோது அதை இணைப்புநார் மூடியிருக்கும். குதிரையின் முகத்தில் நீண்ட வரம்பு ஓடும், மாட்டில் அந்த இடத்தில் வெறும் மேடு. மாட்டின் மண்டைக்கூரை முழுதும் ஃபிரான்டல் எலும்பே. பரைட்டல் பின்னுக்குத் தள்ளப்பட்டிருக்கும். செம்மறியையும் வெள்ளாட்டையும் பிரிக்க, கண்குழிக்கு முன்னால் லாக்ரிமல் எலும்பில் பள்ளம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் செம்மறி.

நிரந்தரப் பற்கள்: மாடு, ஆடு 32, நாய் 42, பூனை 30, பன்றி 44. ஆண் குதிரைக்கு 40 முதல் 42. பெண் குதிரையில் கோரைப்பல் பெரும்பாலும் இருக்காது, எண்ணிக்கை குறையும். அசைபோடும் விலங்கின் மேல்தாடையில் முன்பல்லே இல்லை. கீழ்த்தாடையின் கடைசி முன்பல் உண்மையில் கோரைப்பல் என்றும், நான்காவது வெட்டுப்பல் என்றும் இருவிதமாக எழுதுகிறார்கள்; உங்கள் பாடநூலில் எப்படி உள்ளதோ அப்படியே எழுதுங்கள். நாயில் இறைச்சி வெட்டும் பெரிய பற்கள் மேலே நான்காம் பிரீமோலார் (முன்கடைவாய்ப்பல்), கீழே முதல் மோலார் (கடைவாய்ப்பல்). இரண்டு எண்ணும் ஒன்றல்ல என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

10. உள்ளுறுப்புகள்

இங்கே காரணம் பெரும்பாலும் உணவுப்பையில் இருக்கிறது. மாட்டில் ரூமன் (இரைப்பையின் மிகப் பெரிய அறை) இடப்பக்க வயிற்றை நிரப்பிவிடுவதால் கல்லீரல் வலப்பக்கம் ஒதுங்கும், இடச் சிறுநீரகம் நடுக்கோட்டைத் தாண்டித் தள்ளப்படும், குடல் வலப்பக்கம் சேரும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் அரைப்பாடம் முடிந்தது. குதிரையில் நொதிக்கும் இடம் பின்னால், சீக்கமும் (குருட்டுக்குடல்) பெருங்குடலும். ஏறுகுடல் இரட்டை வளைவாக வயிற்றை நிரப்பும். அசைபோடும் விலங்கில் ஏறுகுடல் தட்டையான சுருள், பன்றியில் கூம்புச் சுருள், நாயில் எளிய சிறு வளைவு.

மேசையில் கிடக்கும் தனி உறுப்பை அடையாளம் காண:

சிறுநீரகம் மடல்மடலாக இருந்தால் மாடு. ஒன்று இதய வடிவம், மற்றொன்று அவரை வடிவம் என்றால் குதிரை. இதய வடிவம் வலப்பக்கத்தது. பன்றியினுடையது வெளியே வழவழப்பு, தட்டை. வெட்டினால் உள்ளே பல பிரமிடுகள். நாய்க்கும் ஆட்டுக்கும் வெளியே வேறுபாடு சொல்வது கடினம், பக்கத்தில் வைத்திருக்கும் உறுப்பையும் பாருங்கள்.

கல்லீரலில் பித்தப்பை இல்லையென்றால் இந்த ஏழில் குதிரை மட்டுமே. பித்தப்பையை யாராவது அறுத்து எடுத்திருக்கிறார்களா என்று அது பதியும் குழியைத் தடவிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். பன்றியின் கல்லீரலில் சிறுமடல்களைப் பிரிக்கும் கோடுகள் கண்ணுக்கே தெரியும். நாயில் மடல்கள் ஆழமாகப் பிளந்திருக்கும், மாட்டில் பிளவு குறைவு.

மண்ணீரல் குதிரையில் அரிவாள், மாட்டில் நீண்ட பட்டை, ஆட்டில் முக்கோணம், பன்றியில் நீண்டு மெலிந்த நாக்கு.

நுரையீரலில் குதிரைக்கு ஆழ்ந்த பிளவு கிடையாது, நாய்க்கு உண்டு. மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியுமுன் வலப்பக்கம் தனிக் கிளை ஒன்று போனால் அது அசைபோடும் விலங்கு அல்லது பன்றி. இதயத்தில் அசைகஸ் சிரை குதிரை, நாய், பூனையில் வலப்பக்கம், பன்றியில் இடப்பக்கம், அசைபோடும் விலங்கிலும் பெரும்பாலும் இடப்பக்கமே. மாட்டின் இதயத்துக்குள் எலும்பு உண்டு. கத்தி நின்றால் பயப்பட வேண்டாம்.

இனப்பெருக்க உறுப்பில் கருப்பையின் உட்சுவரைப் பாருங்கள். பொத்தான்போன்ற கேரங்கிள்கள் மாட்டில் குவிந்தவை, செம்மறியில் நடுவே குழிந்தவை. குதிரையில் அவை இல்லை. பெண்பன்றியில் கருப்பைக் கொம்புகள் நீண்டு குடல்போல் சுருண்டிருக்கும். ஒரு கணம் குடல் என்றே தோன்றும்.

11. சொந்தமாக எலும்பு தயாரிப்பது

துறையின் எழுத்து அனுமதியோடு, பரிசோதிக்கப்பட்ட இறைச்சிக்கூடத்திலிருந்து மட்டும் எடுங்கள். திடீரென இறந்த, உடல் துவாரங்களில் இரத்தம் கசியும் விலங்கைத் தொடவோ திறக்கவோ கூடாது. ஆந்த்ராக்ஸ் சந்தேகம் உண்டு. காரணம் தெரியாமல் இறந்த நாயின் தலையும் வேண்டாம், ரேபிஸ்.

தசையைக் களைந்து, சோப்புத்தூள் கலந்த சூடான நீரில் கொதி வராமல் வைத்து நீரை மாற்றிக்கொண்டே இருங்கள். தளதளவெனக் கொதித்தால் கொழுப்பு எலும்புக்குள் இறங்கிப் பின்னால் மஞ்சளாகக் கசியும். இளம் எலும்பில் முனைகள் கழன்றுவிடும், எனவே ஒவ்வொரு காலின் எலும்புகளையும் தனிப் பையில் வேகவையுங்கள். கொழுப்பு போன பிறகு 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து நிழலில் உலர்த்துங்கள். பிளீச் திரவம் வேண்டவே வேண்டாம். கொலாஜனை அரித்து, சில மாதத்தில் எலும்பைப் பொடியாக்கிவிடும். உலர்ந்ததும் விலங்கு, பக்கம், வயது, எடுத்த தேதி ஆகியவற்றை எலும்பிலேயே எழுதுங்கள். காகிதச் சீட்டு உதிர்ந்துவிடும்.

12. ரெக்கார்டும் நேரமும்

வரைபடத்தைப் பாடநூலைப் பார்த்து வரையாமல் கையில் உள்ள எலும்பைப் பார்த்து வரையுங்கள், கையெழுத்தை அன்றே வாங்கிவிடுங்கள். பருவ இறுதியில் மொத்தமாக வாங்கப் போனால் எலும்பு அலமாரி பூட்டியிருக்கும்.

ஓர் எலும்புக்கு நாற்பது நிமிடம் ஒதுக்குங்கள். முதல் பதினைந்து அடிப்படை விலங்குக்கு, அடுத்த பதினைந்து வேறுபாடுகளுக்கு, மீதி கண்ணை மூடித் தடவி அடையாளம் காண. எலும்பு முடியாமல் தசைக்குப் போகாதீர்கள். தசையின் தொடக்கமும் முடிவும் எலும்பின் மேடுகளில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. உள்ளுறுப்புகளை மாட்டுக்கும் குதிரைக்கும் தனித்தனி நாளில் பாருங்கள், நாயை இரண்டோடும் சேர்த்து வைத்துக்கொள்ளலாம்.

13. ஸ்பாட்டர் மேசையில்

ஒரு மாதிரிக்கு ஒன்றிரண்டு நிமிடமே கிடைக்கும். உறுப்பின் பெயர், பக்கம், விலங்கு, ஒரே ஒரு உறுதியான காரணம் என்று நான்கு வரி எழுதுங்கள். மூன்று காரணம் எழுதி அதில் ஒன்று தவறினால் மதிப்பெண் குறையும். கொடி குத்தியிருந்தால் கொடியின் நுனி தொடும் அமைப்பைத்தான் கேட்கிறார்கள், முழு எலும்பை அல்ல. எலும்பைத் தூக்கிப் பார்க்க அனுமதி உண்டா என்று தொடங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். விலங்கு தெரியாவிட்டால் பெயரையும் பக்கத்தையும் எழுதிவிட்டு அடுத்ததற்கு நகருங்கள், அந்த இரண்டுக்கும் தனி மதிப்பெண் உண்டு.